காத்திருப்போரின் ஏப்ரல் 15

2025ஆம் ஆண்டு மார்ச் மாத நடுப்பகுதியில் ஓர் இரவு ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி அழைப்பொன்று வந்தது. அழைத்தவர் நான் முன்னர் பணியாற்றிய பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருந்தவர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கனடாவில் வாழ்பவர். வழக்கமாக அவர் அழைத்தால் பேச்சு ஊர்ப்புதினத்தில்தான் தொடங்கும். அன்று அப்படித் தொடங்கவில்லை.

"அண்ணை, பிள்ளை எட்டு யூனிவேர்சிற்றிக்குப் போட்டவள். மூண்டு இடம் இல்லையெண்டிட்டாங்கள். ஒரு இடம் காத்திருக்கச் சொல்லுது. மிச்ச நாலும் வாயே திறக்கேல்லை. உவங்கள் என்னத்தை வைச்சு முடிவெடுக்கிறாங்கள்?"

அவருடைய மகள் பொறியியலில் இளமாணிப் பட்டம் பெற்றவர். உயிர்மருத்துவப் பொறியியலில் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்ய விரும்பி ஏழு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கும் சொந்த நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கும் முதல்நாள் டிசம்பரிலேயே விண்ணப்பித்திருந்தார். மூன்று மாதங்களாக வீட்டில் எவரும் சரியாக உறங்கவில்லை என்று தந்தை சொன்னார். மின்னஞ்சல் பெட்டியை மகள் ஒரு நாளில் எத்தனை முறை திறக்கிறாள் என்பதை அவர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்!

பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நம்புகிறவர்கள் இன்னும் சிலர் உலகில் இருக்கிறார்கள். கலைப்பீடத்தில் படித்துவிட்டுச் செய்தி எழுத வந்த எனக்கு அன்றிரவு சொல்லப் பதில் எதுவும் இருக்கவில்லை. பிள்ளைக்கு நல்லது நடக்கும் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. அதன்பின் சில வாரங்கள் இத்துறையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அந்தப் பிள்ளையின் காத்திருப்புக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பின்னணி ஒன்று இருப்பது அப்போதுதான் தெரியவந்தது.

எங்களவர்களுக்கு இந்த முறையை விளங்கிக்கொள்வது ஏன் கடினம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இலங்கையில் க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வந்த பின்னர் இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்து வெட்டுப்புள்ளி ஒன்று வெளியாகும். அதற்கு மேலே நிற்பவர் உள்ளே, கீழே நிற்பவர் வெளியே. அதில் உள்ள நீதி அநீதி வேறு கதை. 1970களின் தரப்படுத்தல் ஒரு தலைமுறையின் மனதில் விட்டுச்சென்ற காயத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் வாசல் எங்கே இருக்கிறது, எத்தனை புள்ளியால் தவறவிட்டோம் என்பதாவது அங்கே தெரியும்.

அமெரிக்கக் கலாநிதிப் பட்ட அனுமதியில் வெட்டுப்புள்ளி கிடையாது. டிசம்பரில் விண்ணப்பம் முடிவடையும். பெறுபேறுகள், பேராசிரியர்கள் மூவரின் பரிந்துரைக் கடிதங்கள், தன் ஆய்வு நோக்கம் பற்றி விண்ணப்பதாரி எழுதிய ஓரிரு பக்கங்கள் ஆகியவற்றைத் துறையின் பேராசிரியர் குழு ஒன்று வாசிக்கும். ஜனவரி, பெப்ரவரியில் சிலரை நேர்காணலுக்கு அழைப்பார்கள். பின்னர் முதல் பட்டியலில் உள்ளோருக்கு அனுமதி போகும். அவர்களில் எத்தனை பேர் வேறிடம் போகிறார்கள் என்று தெரியும்வரை அடுத்த நிலையில் உள்ளோருக்கு ஆம் என்றும் சொல்லமாட்டார்கள், இல்லை என்றும் சொல்லமாட்டார்கள். நண்பர் கேட்ட அந்த மௌனத்தின் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதைவிட முக்கியமான ஒன்றுண்டு. அந்நாட்டின் ஆய்வுப் பல்கலைக்கழகங்களில் இத்துறையில் கலாநிதிப் பட்டத்துக்குச் சேர்க்கப்படுபவர் பொதுவாகக் கட்டணம் செலுத்துபவர் அல்லர். கட்டணம் அவருக்காகச் செலுத்தப்படுகிறது, அதற்கு மேல் வாழ்க்கைச் செலவுப் படியும் கிடைக்கிறது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருவரைத் தாங்கும் பணம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். ஆகவே ஒரு துறை இருபது பேரை எடுக்கிறதா பத்துப் பேரை எடுக்கிறதா என்பது விண்ணப்பித்தவர்களின் தகுதியால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. அந்தப் பணம் யாருடையது, எப்போது வந்தது, எப்போது நின்றது என்பதுதான் இத்துறையின் வரலாற்றில் பாதி.

விண்ணப்பிப்பதற்கு ஒரு வாசலே இல்லாத காலம் ஒன்று இருந்தது. ஒல்லாந்து தேசத்தில் குரோனிங்கன் வைத்தியசாலையில் இளம் வைத்தியராக இருந்த வில்லம் கொல்ஃப், 1930களின் இறுதியில், சிறுநீரகம் செயலிழந்த இளைஞன் ஒருவன் தன் கண்முன்னே இறப்பதைப் பார்த்தார். அந்த இளைஞனின் குருதியில் தேங்கிய கழிவை நாளாந்தம் சிறிதளவு அகற்ற முடிந்தால் அவன் பிழைத்திருப்பான் என்பது அவருடைய கணக்கு. ஜேர்மனியப் படைகள் நாட்டைப் பிடித்துக்கொண்ட பின் அவர் கம்பன் என்ற சிறு நகரத்து வைத்தியசாலைக்கு மாறினார். (எங்கள் கவிச்சக்கரவர்த்தியின் பெயர்போல ஒலிக்கும் ஊர், அதற்குமேல் தொடர்பேதும் இல்லை.) அங்கே 1943இல், சொசேஜ் செய்யப் பயன்படும் செலோபேன் குழாயை மரச்சட்டங்களாலான உருளையொன்றில் சுற்றி, கைக்குக் கிடைத்த பழைய பொருட்களையும் உதிரிப்பாகங்களையும் கொண்டு, செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்து முடித்தார். முதற் பதினைந்து பதினாறு நோயாளரில் அந்த இயந்திரத்தால்தான் பிழைத்தார் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் எவருமில்லை. 1945இல், போர் முடிந்த பின், அறுபத்தேழு வயதுப் பெண்மணி ஒருவர் உணர்விழந்த நிலையில் கொண்டுவரப்பட்டார். நாற்சிகளுக்கு ஆதரவாக இருந்தவர் என்று சிறையில் அடைக்கப்பட்டிருந்தவர் அவர். அவரே அந்த இயந்திரத்தால் உயிர் மீண்ட முதலாவது நோயாளி. அவரைக் காப்பாற்ற வேண்டுமா என்று ஊரில் கேட்டவர்களும் இருந்தனர். வைத்தியர் அக்கேள்வியைப் பொருட்படுத்தவில்லை.

கனடாவில் நடந்ததும் இதுபோன்றதே. தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் மின்பொறியியலாளரான ஜோன் ஹொப்ஸ், வானொலி அலைகளால் பியரைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் ஆய்வில் ஈடுபட்டிருந்தார். ரொறன்ரோவில் உடலைக் குளிரவைத்து இதய சத்திரசிகிச்சை செய்யும் முறையை ஆராய்ந்துகொண்டிருந்த பிகலோ, கலகன் ஆகிய சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கு, நின்றுபோன இதயத்தை மின்துடிப்பால் மீளத் துடிக்கவைக்கும் கருவி தேவைப்பட்டது. 1950 அளவில் ஹொப்ஸ் அதைச் செய்து கொடுத்தார். மேசைமீது வைக்கும் பெரிய வானொலிப் பெட்டி அளவிலான கருவி அது. பல ஆண்டுகள் கழித்து அவருடைய நெஞ்சுக்குள்ளேயே இதயமுடுக்கி ஒன்று பொருத்தப்பட்டது என்பது கதையின் பிற்பகுதி.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1957 ஒக்டோபர் 31ஆம் திகதி மின்சாரம் தடைப்பட்டது. சுவரிலுள்ள மின்சாரத்தில் இயங்கும் முடுக்கிகளை நம்பியிருந்த சிறு பிள்ளைகள் அப்போது அங்குள்ள பல்கலைக்கழக வைத்தியசாலையில் இருந்தனர். ஒரு பிள்ளை இறந்துபோனது. சத்திரசிகிச்சை நிபுணர் லிலிஹை, வைத்தியசாலையின் கருவிகளைத் திருத்தித் தரும் ஏர்ல் பக்கன் என்பவரிடம் இதற்கு ஒரு வழி கேட்டார். வீட்டு வாகனக் கொட்டிலில் கடை நடத்திவந்த பக்கன், சில வாரங்களுக்குள் மின்கலத்தில் இயங்கும் சிறு முடுக்கியைக் கொண்டுவந்து கொடுத்தார். இசைப் பயிற்சியில் தாளம் கணிக்கும் கருவிக்காகச் சஞ்சிகை ஒன்றில் வெளியாகியிருந்த மின்சுற்றே அதற்கு அடிப்படை. அந்தக் கொட்டில் கடைதான் மெட்ரொனிக்.

இன்னொருவரையும் சொல்லாமல் கடக்க முடியவில்லை. சீனாவிலிருந்து அரசாங்கப் புலமைப்பரிசிலில் வந்து, 1948இல் கலிபோர்னியாவின் கல்ரெக் நிறுவனத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, அங்கேயே விமானவியல் பேராசிரியராக இருந்தவர் யுவான்-செங் ஃபங். விமான இறக்கைகள் காற்றில் அதிர்வதைப் பற்றி நூல் எழுதியவர். 1950களின் பிற்பகுதியில் ஆய்வு விடுப்பில் ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் தங்கியிருந்தபோது, சீனாவில் இருந்த தாயாருக்குக் கண்ணழுத்த நோய் என்று அறிந்தார். தாயாரின் வைத்தியருக்கு அனுப்புவதற்காகக் கண் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளை வாசித்து மொழிபெயர்க்கத் தொடங்கினார். அப்படித்தான் அவர் உடலியலுக்குள் வந்தார். 1966இல் விமானவியலை விட்டுச் சான்டியேகோ வளாகத்துக்குச் சென்று, சகாக்கள் இருவருடன் சேர்ந்து உயிர்ப்பொறியியல் கற்கைநெறியைத் தொடங்கினார். நுரையீரலும் குருதிக்குழாயும் தோலும் எப்படி இழுபடுகின்றன, எப்படி விசையைத் தாங்குகின்றன என்பதற்கு இன்று உலகெங்கும் மாணவர்கள் படிக்கும் பாடத்தை எழுதியவர் அவரே. 2019இல் நூறு வயதில் காலமானார். தூரத்தில் இருக்கும் தாயின் நோய்க்காக அந்நிய நாட்டு நூலகத்தில் அமர்ந்து மருத்துவம் வாசிக்கும் மகனை எங்கள் வாசகர்களில் பலர் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இவர்களுள் எவரும் விண்ணப்பப் படிவம் நிரப்பி இத்துறைக்குள் வந்தவர் அல்லர். படிவம் பின்னர்தான் வந்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகம், மருத்துவத்தையும் பொறியியலையும் இணைத்துப் படிப்பிக்கும் பல்கலைக்கழகங்களுக்குப் பயிற்சி மானியம் வழங்கத் தொடங்கியது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ், பென்சில்வேனியா, ரொச்செஸ்டர் ஆகியன இத்துறையில் கலாநிதிப் பட்டத்துக்கு முதலில் வழி திறந்த பல்கலைக்கழகங்களுள் அடங்கும். எல்லைக்கு வடக்கே ரொறன்ரோ பல்கலைக்கழகம் 1962இல் உயிர்மருத்துவ மின்னணுவியலுக்கென ஒரு நிறுவகத்தை அமைத்தது. நண்பரின் மகள் விண்ணப்பித்த எட்டாவது இடம் அதன் இன்றைய வடிவமே. 1968இல் இத்துறைக்கென ஒரு சங்கம் அமெரிக்காவில் உருவானது. கற்பதற்கு ஒரு துறை, துறைக்கு ஒரு பெயர், பெயருக்குப் பின்னால் அரசாங்கப் பணம் என்று எல்லாம் சேர்ந்தபின் வாசலில் வரிசையும் உருவானது.

வரிசையைச் சீர்படுத்தும் ஏற்பாடுகள் வேறு வழிகளில் வந்தன. பட்டப்பின் படிப்புக்கான ஜி.ஆர்.ஈ. பரீட்சை, கார்னகி நிதியமும் கிழக்குக் கரையின் நான்கு பழைய பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 1930களில் தொடங்கியது. பின்னர் பல நாடுகளில் பரவி, ஆங்கிலச் சொற்பட்டியல்களை மனனம் செய்யும் தொழிற்சாலைகளை உருவாக்கியது. சென்னையிலும் கொழும்பிலும் அதற்கான வகுப்புகள் நடந்ததை நாமறிவோம். கடந்த சில ஆண்டுகளில் உயிர்மருத்துவப் பொறியியல் துறைகள் பல இப்பரீட்சையைக் கைவிட்டன. பல தசாப்தங்களாகப் பிள்ளைகளின் உறக்கத்தைக் கெடுத்த ஒன்று ஓசையில்லாமல் விலகிக்கொண்டது. அதற்காக உறங்காதிருந்தவர்களுக்கு எவரும் விளக்கம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது ஏற்பாடுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பல்கலைக்கழகம் மாணவருக்கு நிதியுதவியோடு இடம் கொடுத்துவிட்டு, "ஒரு வாரத்துக்குள் பதில் சொல், இல்லாவிடில் இடம் போய்விடும்" என்று நெருக்கினால் அவர் என்ன செய்வார்? இன்னோரிடத்து முடிவு வரும்வரை காத்திருக்கும் துணிவு எல்லோருக்கும் இராது. கையில் உள்ளதைப் பிடித்துக்கொள்வார். இந்த நெருக்குதலைத் தடுக்க அமெரிக்கப் பட்டப்பின் கல்விப் பேரவை 1965இல் ஒரு தீர்மானத்தை ஏற்றது. நிதியுதவியோடு வரும் அனுமதிக்கு ஏப்ரல் 15ஆம் திகதிக்கு முன் பதில் சொல்லும் கடப்பாடு மாணவருக்கு இல்லை என்பதே அதன் சாரம். கையொப்பமிட்ட பல்கலைக்கழகங்கள் அதற்குக் கட்டுப்படுகின்றன. அது சட்டமல்ல. தண்டனையும் கிடையாது. ஆயினும் அறுபது ஆண்டுகளாக நின்று பிடிக்கிறது. பெரிய நிறுவனங்கள் தமக்குள் பேசி, வரிசையில் நிற்கும் இளைஞனுக்குச் சாதகமாக எடுத்த முடிவுகள் அதிகமில்லை என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். அதே 1965 ஒக்டோபரில்தான் ஆசிய நாட்டவருக்கு அமெரிக்கக் கதவைத் திறந்த குடிவரவுச் சட்டமும் கையொப்பமாயிற்று. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்து எங்கள் வீடுகளுக்குள் வந்தன.

அந்தத் திகதி பற்றி எனக்கொரு பழைய ஞாபகம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் என்னோடு பல்கலைக்கழக விடுதியில் இருந்த நண்பர் ஒருவர் பொறியியல் பீடத்தவர். வடமராட்சிக்காரர். செயற்கை உறுப்புகள் பற்றிப் படிக்க விரும்பி அமெரிக்காவுக்கு விண்ணப்பித்தார். நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் ஊர் முகவரியை எழுதியதுதான் அவர் செய்த ஒரே பிழை. போர்க்காலத்தில் வடக்குக்குக் கடிதங்கள் எப்படிப் போய்ச்சேர்ந்தன என்பதை அனுபவித்தவர்கள் அறிவர். மார்ச் மாதத்தில் புறப்பட்ட தடித்த உறை ஜூலையில் அவருடைய தாயாரின் கைக்குக் கிடைத்தது. தடித்த உறை என்றால் அனுமதி, மெல்லிய உறை என்றால் மறுப்பு என்பது அக்காலத்து நம்பிக்கை. தாயாருக்கு ஆங்கிலம் தெரியாது. உறையைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார். உள்ளே ஏப்ரல் 15க்குள் பதில் அனுப்பும்படி எழுதியிருந்தது. அந்த இடம் அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது. நண்பர் இப்போது வேறொரு நாட்டில் கணித ஆசிரியராக இருக்கிறார். மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார். அந்த உறையை இன்னும் வைத்திருக்கிறாரா என்று நான் கேட்டதில்லை.

மறுக்கப்பட்டவர்களின் கதைக்கு வருவோம். ரொபேர்ட் ஜார்விக் என்ற பெயரை 1980களில் செய்தி வாசித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவருடைய தந்தை ஒரு சத்திரசிகிச்சை நிபுணர். மகன் 1968இல் சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பட்டம் பெற்றார். பெறுபேறுகள் சிறப்பாக இருக்கவில்லை. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் அவரை ஏற்கவில்லை. இத்தாலியின் பொலோஞா பல்கலைக்கழகத்துக்குச் சென்று மருத்துவம் படிக்கத் தொடங்கினார், அதை முடிக்காமல் திரும்பினார். நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் உயிர்ப்பொறிமுறை சார்ந்த முதுமாணிப் பட்டம் ஒன்றைப் பெற்றார். இப்படி இங்கும் அங்கும் அலைந்த இளைஞரை 1971இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் வேலைக்கு எடுத்தவர் யார் தெரியுமா? சொசேஜ் குழாயில் சிறுநீரகம் செய்த அதே கொல்ஃப். 1950இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 1967இல் யூட்டாவில் செயற்கை உறுப்பு ஆய்வுப் பிரிவை அமைத்திருந்தார் அவர். சான்றிதழைவிடக் கையைப் பார்ப்பவர் போலும். செயற்கை இதயத்தை வடிவமைக்கும் பணியை ஜார்விக்கிடம் கொடுத்தார். அதன்பின் யூட்டாவின் மருத்துவக் கல்லூரி அவருக்கு இடம் கொடுத்தது. 1976இல் வைத்தியப் பட்டமும் பெற்றார்.

1982 டிசம்பர் 2ஆம் திகதி, சியாட்டில் பகுதியைச் சேர்ந்த பல் வைத்தியர் பார்னி கிளார்க்கின் நெஞ்சில் ஜார்விக்-7 என்ற செயற்கை இதயத்தை வில்லியம் டீவ்ரீஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் பொருத்தினார். நோயாளி 112 நாட்கள் வாழ்ந்தார். துன்பமான நாட்கள் அவை. பெரிய காற்றழுத்தப் பொறி ஒன்றோடு குழாய்களால் பிணைக்கப்பட்டிருந்தார். அது வெற்றியா தோல்வியா என்ற விவாதம் நெடுங்காலம் நடந்தது. என் கருத்தில், அந்தப் பல் வைத்தியர் தனக்குக் கிடைக்கப் போவதைவிட அறிவியலுக்குக் கிடைக்கப் போவதை எண்ணிச் சம்மதித்தார் என்பதை நினைக்கும்போது அந்த விவாதம் சிறுத்துப்போகிறது. ஜார்விக் 2025 மே மாதத்தில் காலமானார். நண்பரின் அழைப்பு வந்து இரண்டு மாதங்கள் கழிந்திருந்தன. இரங்கற் குறிப்புகளை வாசித்தபோது, மருத்துவக் கல்லூரிகள் அவரை மறுத்த செய்தி அவற்றில் தவறாமல் இடம்பெற்றிருந்ததைக் கவனித்தேன்.

ரொபேர்ட் லாங்கரின் கதை வேறுவகை. அவருக்கு அனுமதியில் குறைவில்லை. கோர்னெல்லில் இளமாணி, 1974இல் எம்.ஐ.ரி.யில் கலாநிதி. எரிபொருள் நெருக்கடிக் காலம் அது. இரசாயனப் பொறியியல் படித்த அவருக்கு எண்ணெய்க் கம்பனிகளிலிருந்து இருபது அளவில் வேலைகள் வந்தன. அவற்றை அவர் விரும்பவில்லை. கல்வி சார்ந்த வேலைகளுக்கு எழுதினார், எவரும் பதிலளிக்கவில்லை. வைத்தியசாலைகளுக்கு எழுதினார், அங்கும் மௌனம். இறுதியில் பொஸ்டனின் சிறுவர் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நிபுணர் ஜூடா ஃபோக்மன் அவரை எடுத்தார். பொறியியலாளர் வைத்தியசாலையில் என்ன செய்யப் போகிறார் என்று மற்றவர்கள் வியந்தனர். பெரிய மூலக்கூறு மருந்துகளைப் பல்பகுதியப் பொருளுக்குள் அடைத்து மெல்ல மெல்ல வெளிவிடலாம் என்று அவர் 1976இல் ஃபோக்மனோடு சேர்ந்து காட்டினார். பலர் நம்பவில்லை. அவர் முதலில் அனுப்பிய ஒன்பது ஆய்வு மானிய விண்ணப்பங்களும் நிராகரிக்கப்பட்டன. பின்னாளில் அதே லாங்கர் எம்.ஐ.ரி.யின் மிக உயர்ந்த பேராசிரியர் பதவிக்கு வந்தார். 2010இல் உருவான மொடேர்னா நிறுவனத்தின் நிறுவுநர்களில் ஒருவர். கொவிட் தடுப்பூசி போட்டுக்கொண்ட வாசகர்கள் பலரின் தோளில் அந்த நிறுவனத்தின் ஊசி இறங்கியிருக்கும்.

இந்த இருவரின் கதையையும் சொல்லி, மறுப்பு வந்தால் கவலைப்படாதே என்று ஒரு பிள்ளைக்குப் புத்திமதி கூறுவது இலகு. நான் அதைச் செய்ய விரும்பவில்லை. மறுக்கப்பட்டுப் பின்னர் பெயர் பெற்றவர்களின் கதைகளையே வரலாறு வைத்திருக்கிறது. மறுக்கப்பட்டு வேறு வழிக்குப் போனவர்கள் எங்கள் வடமராட்சி நண்பரைப் போல வகுப்பறை ஒன்றில் சோக்கட்டியோடு நிற்கிறார்கள். மேலும், ஜார்விக்கையும் லாங்கரையும் எடுத்த இருவருமே தம் விருப்பப்படி ஒருவரை எடுக்கக்கூடிய பணமும் அதிகாரமும் உடையவர்களாக இருந்தனர். கதை மீண்டும் பணத்திடமே வந்து நிற்கிறது.

அந்தப் பணம் பெருவெள்ளமாக வந்த காலமும் ஒன்றுண்டு. மின் இணைப்பிகள் செய்த ஏ.எம்.பி. நிறுவனத்தை 1941இல் தொடங்கிய அன்கஸ் விற்றேக்கர் 1975இல் இறந்தார். அவருடைய செல்வத்தில் உருவான விற்றேக்கர் நிதியம், உயிர்மருத்துவப் பொறியியல் என்ற ஒரே துறைக்குத் தன் கவனத்தைக் குவித்தது. பெரும்பாலான அறக்கட்டளைகள் முதலைக் காத்து வட்டியில் வாழும். இது அப்படியல்ல. ஒரு காலக்கெடு வைத்து, முதல் முழுவதையும் செலவிட்டுத் தன்னை முடித்துக்கொள்ள முடிவு செய்தது. 2006இல் கதவை மூடியபோது 800 மில்லியன் டொலருக்கு மேல் வழங்கியிருந்தது. புதிய துறைகள், கட்டடங்கள், இளம் ஆய்வாளர்களுக்கான மானியங்கள், மாணவர் புலமைப்பரிசில்கள் என்று அப்பணம் பரவியது. இன்று மாணவர்கள் விண்ணப்பிக்கும் உயிர்மருத்துவப் பொறியியல் துறைகளில் கணிசமானவை அந்தப் பணத்தின் பிள்ளைகள். ஒரு மனிதர் தன் செல்வத்தைக் கோயிலுக்கோ மண்டபத்துக்கோ எழுதிவைக்காமல் ஒரு படிப்புக்கு எழுதிவைத்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் புலம்பெயர் கனவான்கள் சற்று விசாரித்துப் பார்க்கலாம்.

அரசாங்கமும் பின்தொடர்ந்தது. 2000 டிசம்பர் 29ஆம் திகதி ஜனாதிபதி கிளின்ரன் கையொப்பமிட்ட சட்டத்தால், தேசிய சுகாதார நிறுவகத்துக்குள் உயிர்மருத்துவப் படிமவியலுக்கும் உயிர்ப்பொறியியலுக்கும் தனி நிறுவகம் உருவானது. துறை தன் சொந்தக் கூரையைப் பெற்ற நாள் அது எனலாம்.

ஆனால் அக்கூரையின் கீழ் எல்லோருக்கும் ஒரே இடம் இல்லை என்பதை எங்கள் பிள்ளைகள் காலம் கடந்தே அறிகிறார்கள். தேசிய சுகாதார நிறுவகத்தின் பயிற்சி மானியங்களில் மாணவராக இருக்க அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ வேண்டும். தேசிய விஞ்ஞான மன்றம் 1952 முதல் வழங்கிவரும் பட்டப்பின் புலமைப்பரிசிலுக்கும் அவ்வாறே. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் சென்னைப் பிள்ளைக்கும் ரொறன்ரோப் பிள்ளைக்கும் இவ்விடயத்தில் வேறுபாடில்லை, மூவரும் வெளியார். வெளியாரை எடுக்க வேண்டுமானால் பல்கலைக்கழகத்தின் சொந்த நிதி அல்லது ஒரு பேராசிரியரின் ஆய்வு மானியம் அவரைத் தாங்க வேண்டும். அந்தப் பேராசிரியரின் மானியம் புதுப்பிக்கப்படுமா என்பது மார்ச் மாதத்தில் அவருக்கே தெரியாதிருக்கலாம். கனடியக் கடவுச்சீட்டு இருந்தால் எல்லாக் கதவும் திறக்கும் என்று நம்பியிருந்த நண்பருக்கு இதைச் சொன்னபோது அவர் சற்றுநேரம் பேசவில்லை.

2025இல் நிலைமை இன்னும் இறுகியது. அவ்வாண்டு பெப்ரவரி 7ஆம் திகதி, ஆய்வு மானியங்களோடு பல்கலைக்கழகங்களுக்கு வழங்கும் மறைமுகச் செலவுத் தொகையை 15 வீதமாக மட்டுப்படுத்தப் போவதாகத் தேசிய சுகாதார நிறுவகம் அறிவித்தது. நீதிமன்றம் தலையிட்டுத் தடுத்தது. ஆனால் அச்சம் அதற்குள் பரவிவிட்டது. அனுமதிக் குழுக்கள் பட்டியலைக் கையில் வைத்திருந்த வாரங்கள் அவை. பல பல்கலைக்கழகங்கள் கலாநிதிப் பட்ட இடங்களைக் குறைத்தன. மசாசுசெட்ஸ் மாநிலத்தின் யூமாஸ் சான் மருத்துவக் கல்லூரி, தன் உயிர்மருத்துவ அறிவியல் கலாநிதிப் பட்டத்துக்கு ஏற்கனவே வழங்கிய அனுமதிகளை மார்ச் மாதத்தில் மீளப்பெற்றது. தேசிய விஞ்ஞான மன்றம் 2024இல் இரண்டாயிரத்துச் சொச்சம் பேருக்கு வழங்கிய புலமைப்பரிசிலை 2025 ஏப்ரலில் 1,000 பேருக்கு மட்டும் அறிவித்து, பின்னர் 500 பேரைச் சேர்த்தது. அமெரிக்க மாணவர்களே புலமைப்பரிசில் இல்லாமல் துறைகளின் சொந்த நிதியை எதிர்பார்த்து நிற்கையில், வெளியாருக்கு மிஞ்சுவது எவ்வளவு?

"உவங்கள் என்னத்தை வைச்சு முடிவெடுக்கிறாங்கள்?" என்ற நண்பரின் கேள்விக்கு என்னிடம் இருந்த பதில் இவ்வளவுதான். பிள்ளையின் தகுதியை வைத்து ஒரு பங்கு. ஒரு பேராசிரியரின் மானியத்தை வைத்து ஒரு பங்கு. எண்பது ஆண்டுகளாகச் சேர்ந்தும் கலைந்தும் வந்த பணத்தை வைத்து மிச்சம். அந்த மூன்று மறுப்புகளில் எதுவும் அவளுடைய மூளைக்கு எவரோ இட்ட புள்ளி அல்ல என்று அவருக்குச் சொன்னேன். அதை மகளிடம் நீங்களே சொல்லுங்கள் என்றார். நான் சொன்னேன். அவள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "மாமா, அப்ப அந்த வெயிற்றிங் லிஸ்ற் எப்ப அசையும்?" என்று கேட்டாள்.

ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரை வருடப்பிறப்பன்று, வாழ்த்துச் சொல்ல நண்பர் மீண்டும் அழைத்தார். மௌனமாக இருந்த நான்கில் இரண்டு இல்லையென்று எழுதிவிட்டன. ஒன்று இன்னும் பேசவில்லை. ரொறன்ரோவில் இடம் கிடைத்திருந்தது. ஆனால் பிள்ளையின் மனம் காத்திருப்புப் பட்டியலில் உள்ள அந்த அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலேயே இருந்தது. பலவிடங்களில் அனுமதி பெற்றவர்கள் கடைசி நாள்வரை எல்லாவற்றையும் பிடித்துவைத்திருந்து, பதினைந்தாம் திகதிதான் ஏனையவற்றை விடுவார்கள். அப்போதுதான் பட்டியல் அசையும் என்று அவளே தந்தைக்கு விளக்கியிருக்கிறாள். இவள் விடும் ரொறன்ரோ இடத்துக்கும் எவரோ காத்திருப்பார் அல்லவா என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை, அதையும் சொன்னவள். நாளைக்குத்தானே பதினைஞ்சு. பொங்கிப் படைச்சிட்டு இருக்கிறம்" என்றார்.